கோபத்தால் வந்த புண் இல்லை

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தைத் தாண்டி இடதுகைப் பக்கம் கடைசி அறை அவளுடையது. கதவைத் திறந்த மாத்திரத்தில் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்த அவளுக்கு அப்படியொரு நெடி இருப்பதே மறந்துபோயிருந்தது.

எல்லோரும் அவளைப் பிளேடக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேசியே கழுத்தை அறுப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துப் புது டாக்டர்கள் முதல் வாரம் ஒதுங்கியே போவார்கள். பேச்சுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மேல்மாடிகளில் நோயாளிகளின் உடம்பிலிருந்து கிள்ளியெடுக்கிற சதைத்துணுக்குகள் சின்னச் சின்ன பாட்டில்களில் அவளிடம் வந்து சேரும். அவற்றை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவாள். கட்டியை ஐஸ்மேல் குளிரவைத்து, வெட்டும் எந்திரத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பிளேடால் சீவுவாள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மெல்லிசு. சீவல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நாடாவாக இறங்கும். அதைத் தூரிகை நுனியால் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடித் தகட்டில் ஏந்திக்கொள்வாள். பிறகு சாயம். அப்புறம்தான் டாக்டர்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பார்கள்.

அவளுக்குக் கோபம் வரும் என்பது உண்மைதான். ஊரே சொன்னது, அவளும் மறுக்கவில்லை. ஆனால் எதற்கு வந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? ஒருமுறை மேலேயிருந்து ஆறு பாட்டில்கள் வந்தன. ஆறிலும் நோயாளியின் எண்ணை மூடியில் ஒட்டியிருந்தார்கள். அவள் ஆறையும் தட்டில் அடுக்கி, லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாலு மாடி ஏறிப்போய், அறுவை டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"மூடி மாறினா ஆளே மாறிடும் டாக்டர். யாருக்கோ இருக்கற வியாதிக்கு யாருக்கோ கத்தி வெப்பீங்க. பாட்டில்ல ஒட்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்து பாட்டிலில் ஒட்டினார்கள். கூடவே, அவள் ஒரு சண்டைக்காரி என்ற பெயரையும் ஒட்டிவிட்டார்கள்.

வயிற்றுவலி அவளுக்கு ஒன்பது வருஷமாக இருந்தது. தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்கூடு முடிகிற இடத்தில், யாரோ நெருப்புத் தணலை வைத்து அழுத்துவதுபோல் எரியும். சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். இரண்டு மணி நேரம் போனால் மறுபடி வரும். பரிசோதனைக்கூடத்தின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். அவரிடம் முதல்தடவை சொன்னபோது வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டார். துண்டுச்சீட்டில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"எல்லாம் டென்ஷன்மா. உங்க சுபாவம்தான் எல்லாருக்கும் தெரியுமே. கோபத்தக் கொறைங்க, வயிறு தானா அடங்கிடும்."

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. "உள்ள எரியறத வெளிய கக்குறே, வெளிய கக்குனது திரும்ப உள்ள போய் எரியுது. மேலயும் கீழயுமா லிஃப்ட் மாதிரி" என்பான். நாத்தனார் விசேஷமாக வந்து உட்கார்ந்து, "அண்ணி, விட்டுக்குடுத்துப் போங்க. பொம்பளைக்கு அவ்வளவு ஆத்திரம் ஆகாது, குடல வெந்துபோக வெச்சிடும்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

இவ்வளவு பேர் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவளும் நம்பினாள். ஒரு முழு வருஷம் வாயைக் கட்டினாள். பாட்டிலில் எண் இல்லாமல் வந்தால் தானே போய் மெதுவாகக் கேட்டு எழுதினாள். வீட்டில் யார் என்ன சொன்னாலும் சரி என்றாள். காரத்தை விட்டாள், டீயை விட்டாள், காலையில் கண்ணை மூடி மூச்சை எண்ணினாள். "என்னக்கா, ஆளே மாறிட்டீங்க!" என்று சலவைக்கூடத்துப் பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். வலி மட்டும் மாறவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. தூங்கும்போது வந்து எழுப்பியது. தூக்கத்தில் யார்மேல் கோபப்பட்டேன் என்று அவள் புருஷனைக் கேட்டாள். அவன் முதல்தடவையாகக் கேலி பண்ணாமல் எழுந்து மாத்திரையைத் தேடினான்.

பத்தாவது வருஷம் தொடங்கின மாதத்தில் மலம் தார்போல் கறுப்பாகப் போனது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சுபாவத்தைப் பற்றித்தானே பேசுவார்கள்? நாலாவது நாள் காலை, வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் அப்படியே சரிந்தாள். மேலே தூக்கிக்கொண்டு போய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் இரண்டு புண். ஒன்றிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது. கசிவை அடைத்துவிட்டு, புண்ணின் ஓரத்திலும் சுற்றிலும் ஐந்து துணுக்கு கிள்ளி எடுத்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தபோது அந்தத் துணுக்குகள் அவளுடைய மேஜையிலேயே காத்திருந்தன. கூட வேலைபார்க்கும் பெண் பேறுகால விடுப்பில் போயிருந்தாள். வேறு ஆள் போடவில்லை. தன் வயிற்றைத் தானே வெட்டவேண்டிய நிலை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டியை ஐஸில் வைத்தாள், வாயால் ஒரு ஊது ஊதி மேற்பரப்பை இளக்கினாள், கைப்பிடியைச் சுற்றினாள். நாடா கிழியாமல் வந்தது. வழக்கமான சிவப்பு, நீலச் சாயம் போட்டு மற்ற தகடுகளோடு பெரிய டாக்டரின் அறைக்கு அனுப்பினாள்.

மறுநாள் அறிக்கை வந்தது. "நாள்பட்ட இரைப்பை அழற்சி. புண். புற்று இல்லை. வேறு விசேஷமில்லை."

அவள் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், வயித்துல புண் வரவெக்கற கிருமி இருக்கான்னு பாத்தீங்களா?"

"கண்ணுல படல."

"நான் ஒன்பது வருஷமா அந்த அமில மாத்திரை சாப்புடறேன். அது சாப்புட்டா கிருமி கொறைவாத்தான் தெரியும், சாதாரணச் சாயத்துல தப்பிச்சிடும்னு நம்ம கையேட்டுலயே போட்டிருக்கு. வெள்ளிச் சாயம் போட்டுப் பாக்கலாமா?"

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்கம்மா. மேலேந்து எழுதிக் கேட்டா, இல்ல எனக்குத் தேவைன்னு பட்டா, நான் சொல்வேன். வெட்டுறது உங்க வேலை. பாக்குறது என் வேலை. நல்லபடியா பொழச்சு வந்திருக்கீங்க, போய் ரெஸ்ட் எடுங்க. கோபத்த மட்டும்…"

மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை.

கிருமியைக் கறுப்பாக எடுத்துக்காட்டும் வெள்ளிச் சாயம் லேசுப்பட்ட வேலை இல்லை. பாத்திரத்தில் துளி அழுக்கு இருந்தாலும் கெட்டுவிடும். இரும்பு இடுக்கி படக்கூடாது, பிளாஸ்டிக் இடுக்கிதான். கரைசல் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். தகடு வெளிர் மஞ்சளிலிருந்து தேன்நிறத்துக்கு வரும் அந்த ஒரு கணத்தில் எடுத்துவிடவேண்டும். கொஞ்சம் பிந்தினால் எல்லாம் கருகிப்போகும். கடிகாரம் அதற்கு உதவாது, கைப்பழக்கம்தான். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மிச்சமிருந்த நாடாவில் இரண்டு சீவலை எடுத்து அவள் சாயம் போட்டாள்.

அப்போது கூடத்தில் ஒரு சின்ன டாக்டர் இருந்தாள். முப்பது வயது இருக்கும், வந்து எட்டு மாதம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் பக்கத்திலேயே சாப்பிடுகிறவள். அதற்காகப் பிளேடக்காவிடம் பலதடவை திட்டு வாங்கியவள்.

"டாக்டரம்மா, கைய நல்லாக் கழுவிட்டு வாங்க. இதக் கொஞ்சம் பாருங்க."

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ரோஸ்கோப் அது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தேன்நிற வெளி விரிந்தது. சின்ன டாக்டர் மெதுவாகத் தகட்டை நகர்த்தினாள். இரைப்பைச் சுவரின் சின்னக் குழி ஒன்றின் வாயில் நிறுத்தினாள். இரைப்பைச் சுவர்மேல் படர்ந்திருந்த சளிப்படலத்துக்குள், கறுப்பாக, வளைந்து, ஒரு ஏழெட்டு. காற்புள்ளிகளைக் கொட்டிவைத்ததுபோல. இன்னொரு குழியில் இன்னும் பத்து.

"அக்கா, இது யாரோடது?"

"என்னோடது."

சின்ன டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிளேடக்கா கண்ணை எடுக்கவே இல்லை.

"கீழ கூட்டமா ஒரே திட்டுத்திட்டா நிக்கிறாங்களே, இவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

"ஆமாக்கா. வெள்ளை அணுக்கள். காவலுக்கு வந்தவங்க."

"வந்தவங்க இத்தன பேர் நிக்கிறாங்க. மேல அதுங்க ஏழெட்டுதான் இருக்கு. ஒன்பது வருஷமா என்னத்தப் புடிச்சாங்க?"

சின்ன டாக்டர் சாப்பாட்டை மறந்து சொன்னாள். அந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசிலேயே வயிற்றுக்குள் வந்து குடியேறிவிடுமாம். தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கிற ஒரு வாயுவை உண்டாக்கிக்கொண்டு சளிக்குள் புகுந்துகொள்ளும். அங்கே காவல் அணுக்களின் கை எட்டாது. மற்றக் கிருமிகளின் வாலைத் தொட்டுப் பார்த்தே நம் அணுக்கள் திருடன் என்று கண்டுபிடித்துவிடும். இதன் வால் வேறு மாதிரி அமைந்திருப்பதால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. மேல்சட்டையிலும் நம் ரத்தத்தில் இருக்கும் அதே சர்க்கரைகளைப் போட்டுக்கொள்ளும், நம்ம ஆள் மாதிரியே தெரியும்.

"சரி, ஒண்ணு ரெண்டு மாட்டாதா?"

"மாட்டும். விழுங்கற அணு விழுங்கவும் செய்யும். ஆனா உள்ள போயும் சட்டுனு சாகாது, செரிமானத்த இழுத்தடிக்கும். அதுக்கு மேல இது ஒரு விஷத்த விடும். படைக்கு ஆள் சேக்கற அணுக்கள் இருக்கே, அதுங்கள பெருக விடாம அது அமுக்கிடும். சண்டைய நிறுத்துன்னு சொல்ற அணுக்களும் நம்ம ஒடம்புல உண்டு. அதுங்களத் தன் பக்கம் நெறைய வரவெச்சுக்கும்."

"அப்போ எரிஞ்சது? எரிஞ்சது எதனால?"

"பாதி அதோட வேலை. மீதி நம்ம அணுக்களே பண்றது. கிருமிமேல வீசற ரசாயனம் அதுங்கமேல படாம, நம்ம சுவத்துலயே பட்டு அரிச்சிடுது. விடாம வீசிட்டே இருக்காங்க இல்ல, வருஷக்கணக்கா." கொஞ்சம் நிறுத்தி, "எல்லாருக்கும் இப்படி ஆகாதுக்கா. உலகத்துல பாதிப் பேர் வயித்துல இது இருக்கும், முக்காவாசிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது. வலின்னு வந்து நிக்கறவங்களுக்குத் தேடிப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

பிளேடக்கா எழுந்து போய்ச் சாய அலமாரியின் முன்னால் நின்றாள். ஒன்பது வருஷம்! ஊமையாக இருந்த அந்த ஒரு வருஷம்! நாத்தனாரிடம் தலையாட்டினது, புருஷனிடம் மன்னிப்புக் கேட்டது, எரிகிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினது. எல்லாம் காற்புள்ளி அளவு கூட இல்லாத ஒரு பூச்சிக்காக. தகடு அவள் கையில்தான் இருந்தது, சாயம் அலமாரியில்தான் இருந்தது, பார்க்கிறவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். பார்க்கவில்லை. அவளுடைய குணத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பார்க்காமல் விட்டார்கள்.

சின்ன டாக்டர் அன்றே அறிக்கையைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேல்மாடியில் இரண்டு வகைக் கிருமிக்கொல்லியும் அமில மாத்திரையும் இரண்டு வாரத்துக்கு எழுதினார்கள். வாயெல்லாம் இரும்புபோலக் கசந்தது. ஒருவேளைகூடத் தவறவிடாமல் முடித்தாள். மாத்திரை முடிந்த பத்தாம் நாள், புருஷன் முன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். எதுவும் எரியவில்லை. அவன் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்து வைத்தான்.

"நான் கேலி பண்ணினதெல்லாம் தப்புதான்" என்றான்.

"தப்புதான்" என்றாள். வேறென்ன சொல்ல?

இத்தோடு விட்டிருந்தால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு ஒரு ஆள் நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தார். முகம் தெரியாது. பதிவேட்டில் "பஸ் கண்டக்டர், வயது 44" என்று இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய துணுக்கு முதலில் வந்தது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தது. அப்புறம் ஒருமுறை. மூன்று தடவையும் ஒரே வாசகம்: நாள்பட்ட அழற்சி, வேறு விசேஷமில்லை. நாலாவது தடவை சின்ன பாட்டில் வரவில்லை. வாளியில் முக்கால் இரைப்பை வந்தது. அதையும் அவள்தான் வெட்டினாள். அது புற்று.

மேலே இருக்கிற டாக்டர்கள், கிருமி இருந்தால் கீழே பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று இருந்தார்கள். கீழே இருக்கிற பெரிய டாக்டர், வேண்டுமென்றால் மேலேயிருந்து எழுதிக் கேட்கட்டும் என்று இருந்தார். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கண்டக்டர் வருஷக்கணக்கில் பஸ்ஸில் நின்றுகொண்டே வயிற்றைப் பிடித்திருக்கிறார்.

மெழுகுக் கட்டிகளைப் பத்து வருஷம் வரை பாதுகாக்கவேண்டும் என்பது விதி. எல்லாம் பின்னறை இழுப்பறைகளில், பிஸ்கட் அடுக்கினதுபோல வரிசையாக இருந்தன. வயிற்றுவலி என்று எழுதி, "வேறு விசேஷமில்லை" என்று போனவற்றில் நாற்பதைத் தேர்ந்தெடுத்தாள். முதலில் எடுத்தது கண்டக்டரின் முதல் கட்டி. தினமும் மதியம் நாலு நாலாகச் சீவிச் சாயம் போட்டாள். சின்ன டாக்டர் பார்த்து எழுதினாள். பத்து நாளில் முடிந்தது. நாற்பதில் இருபத்துமூன்றில் கிருமி. கண்டக்டரின் தகட்டில் குழிக்குக் குழி அடைந்து கிடந்தது. அவர் அமில மாத்திரைகூடச் சாப்பிட்டிருக்கவில்லை போலும். கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் சாதாரணச் சாயத்திலேயே தெரிந்திருக்கும்.

பதினோராம் நாள் மெமோ வந்தது. அனுமதியின்றி ஆஸ்பத்திரியின் சாயப்பொருளைப் பயன்படுத்தியது, பழைய கட்டிகளைத் தொட்டது, மேலதிகாரியின் சொல்லை மீறியது. விளக்கம் தரவேண்டும்.

விசாரணை நிர்வாக அதிகாரியின் அறையில் நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் பெரிய டாக்டரும். இந்தப் பக்கம் அவளுக்கு ஒற்றை நாற்காலி. சின்ன டாக்டர் கூப்பிடாமலே வந்து சுவரோரம் நின்றாள்.

"அனுமதி இல்லாம ஏம்மா சாயம் போட்டீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"அனுமதி கேட்டேன் சார். கெடைக்கல. அதுக்கப்புறம்தான் போட்டேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பெரிய டாக்டருக்கு வரவில்லை.

"இந்தம்மாவுக்கு வேலை தெரியும், நான் மறுக்கல. ஆனா எடுத்தெறிஞ்சு பேசற சுபாவம். உணர்ச்சிவசப்பட்டுப் பண்ணிட்டாங்க. நோய் கண்டுபுடிக்கறது இவங்க வேலையா?"

அவள் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நாற்பது எண்கள், இருபத்துமூன்றில் சிவப்புக் கோடு.

"இது யாரோட வேலைன்னு சொல்லுங்க சார், அவங்க கையில குடுத்துட்டுப் போயிடறேன். என் சுபாவத்தப் பத்தி அப்புறம் பேசுவோம். இந்த இருபத்தி மூணு பேரும் கோபக்காரங்களா? அத்தன பேருக்கும் டென்ஷனா? என்னத்த எழுதி அனுப்பியிருக்கோம் பாருங்க, 'வேறு விசேஷமில்லை'. அவங்கவங்க வீட்டுல போய்ச் சொல்லியிருப்பாங்க, ஆஸ்பத்திரிலயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னு. அப்புறம் வலிக்குதுன்னு வாயத் தொறக்க முடியுமா? நடிக்கறாங்கன்னுதானே சொல்லியிருப்பாங்க!"

"சத்தத்தக் கொறைங்க" என்றார் பெரிய டாக்டர்.

"கொறைக்க மாட்டேன் சார். ஒரு வருஷம் கொறைச்சுப் பாத்தாச்சு."

அப்போது சின்ன டாக்டர் முன்னால் வந்தாள். "எல்லாத் தகட்டையும் பாத்தது நான் சார். கையெழுத்து என்னோடது. மெமோ குடுக்கறதா இருந்தா எனக்கும் குடுங்க."

அதிகாரி காகிதத்தை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். ஒருவாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் இரைப்பைத் துணுக்கு எது வந்தாலும், யாரும் கேட்காமலே கிருமிச் சாயம் போட்டுப் பார்க்கவேண்டும். அந்த இருபத்துமூன்று பேரையும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். யார் சொல்லி, எதனால் இந்த ஏற்பாடு என்று அதில் ஒரு வரி இல்லை. அவளுடைய மெமோவை ரத்து செய்வதாகவும் இல்லை. அது கோப்பில் அப்படியே இருந்தது. கூப்பிட்டுச் சொல்லும் வேலைக்கு ஆள் யார் என்று பார்த்து, கடைசியில் அதையும் அவள் தலையிலேயே கட்டினார்கள்.

பதிவேட்டுப் பிரிவின் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். ஐந்து எண் வேலை செய்யவில்லை. ஒரு தையல்காரர் எல்லாவற்றையும் இரண்டுதடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "ஆறு வருஷமா எம் பொண்டாட்டி சமையலத் திட்டிட்டு இருக்கேன்மா. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா" என்று போனை மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் இருங்க" என்று அங்கேயே புருஷனைப் பிடித்துக்கொண்டாள். பிளேடக்கா மரியாதையாகப் போனை வைத்தாள்.

கண்டக்டரின் எண்ணை ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. நீங்க யாரு?"

யாரென்று சொன்னாள். எதற்குக் கூப்பிட்டாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"இப்ப எதுக்குங்க இதச் சொல்றீங்க?"

பிளேடக்கா கேட்கவேண்டியதைக் கேட்டாள். "உங்களுக்கு வயித்துல ஏதாவது தொந்தரவு உண்டாம்மா? ஒரே வீட்டுல ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தருக்கு வரும்னு சொல்றாங்க."

"ரெண்டு வருஷமா எரியும். அப்பா மாதிரியே நானும் டென்ஷன் பார்ட்டின்னு வீட்டுல சொல்வாங்க."

"திங்கக்கெழமை வாங்க. நான் வாசல்ல நிக்கறேன்."

அந்தப் பெண் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், சீருடையோடேயே வந்திருந்தாள். மேல்மாடியில் ஒரு கரைசலைக் குடிக்கவைத்து, மூச்சைப் பையில் ஊதச் சொல்லிச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. அப்பாவுக்கு அப்போதே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் கேட்டதற்குச் சின்ன டாக்டர் பூசி மெழுகவில்லை. "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு நல்லாக் கூடியிருக்கும்" என்றாள்.

பிளேடக்கா அவளைக் கூட்டிக்கொண்டு நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். தட்டிவிட்டுத் திறந்தாள்.

"சார், இவங்க அந்தக் கண்டக்டரோட பொண்ணு. அப்பாவோட மூணு அறிக்கையும் கையோட கொண்டுவந்திருக்காங்க. மூணுலயும் உங்க கையெழுத்து. என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க. நான் வெட்டுறவதானே, எனக்குச் சொல்லத் தெரியாது."

பெரிய டாக்டர் பிளேடக்காவைப் பார்த்த பார்வையில் இன்னும் நாலு மெமோ இருந்தது. ஆனால் அந்தப் பெண் காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா" என்றார். மூன்றையும் கீழே வைத்துவிட்டு, "அப்பவே பாத்திருக்கணும். நான் பாக்கல" என்றார்.

அந்தப் பெண் அழவில்லை. "இத எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள்.

அவர் பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். நிர்வாகத்தைக் கேட்கவேண்டும் என்றார். அந்தப் பெண் மூன்று அறிக்கைகளையும் திருப்பி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கேளுங்க. நான் அடுத்த வாரம் வர்றேன்" என்றாள்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் இருவரும் நின்றார்கள். கையில் மாத்திரைச் சீட்டு.

"காலையில இது ரெண்டும் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாக்கா?"

பிளேடக்கா சீட்டை வாங்கி, படிக்கட்டின் கைப்பிடிமேல் வைத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்தில் வேளையை எழுதிக் கொடுத்தாள். "வாய் கசக்கும். நடுவுல நிறுத்திடாதீங்க" என்றாள். "அடுத்த வாரம் வர்றப்ப கீழ வந்து என்னையும் கூப்பிடுங்க. ரெண்டு பேராப் போவோம்."